பென்சிலில் எழுதிய நேரம்

ஜனவரி 19

அன்பு ஜோலீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அதற்குப் பெயர் நலம் என்றால் நலம்தான். அரிசோனா பாலைவன வெயிலில் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன். போனை நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

பதினோரு நாளாக மழை விடவில்லை. பனி விழுந்தாலாவது ஒருநாள் வெளிச்சமாக இருக்கும், நமக்கு ஏது அந்தக் கொடுப்பினை? எங்கே பார்த்தாலும் ஈரப் பச்சை. கூரையில் பாசி. உன் தம்பி லைலின் வண்டி அவன் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது, அதன் கதவிலும் பிடித்துவிட்டது. போன வாரம் காட்டிலிருந்து எல்க் மான்கள் இறங்கி என் கீரைப் பாத்தியை வழித்துத் தின்றன. முன்பென்றால் கரண்டியோடு விரட்டியிருப்பேன். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா தினமும் கடல் வற்றும் நேரத்துக்கு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நம் பாறை முனை வரை போய் வந்துகொண்டிருந்தார். உன் தம்பியைத்தான் மூன்றாம் நாளே எடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு பூட்ஸ் வரலையே, வெர்னா" என்றார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் போச்சு. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரங்கள்மேல் ஏறி இறங்கினார். அலை வந்தால் அந்த மரங்கள் ஆளை நசுக்கும் என்று உங்கள் இருவரையும் அதட்டி வளர்த்தவர் அவர்தான்.

சுற்றி வளைத்தது போதும்.

நவம்பர் கடைசியில் நீ வந்திருந்தாயே, அந்தத் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் புயல் ஓய்ந்திருந்தது. முனைக்கு அந்தப் பக்கக் குடாவில் உடைந்த படகு ஒன்று ஒதுங்கியிருப்பதாகப் பேச்சு. லைலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டே, "ஏய், பாலைவனத்து ராணி, கடல் எப்ப முழுசா வத்துதுன்னு பாத்துச் சொல்லு. மணல்ல கெடந்து படிக்கவே மறந்திருப்பே" என்று உன்னைச் சீண்டினான். கொக்கியில் தொங்கிய, கடல் ஏறி வற்றும் நேரம் போட்ட ஓத அட்டவணைப் புத்தகத்தை நீ எடுத்து, "ரெண்டு இருபதுடா, சோம்பேறி. உனக்குக் கண்ணில்லையா?" என்றாய். அடுப்படியில் நின்ற நானும் சிரித்தேன்.

கடல் வற்றியபின் ஒரு மணி நேரம் முனையைச் சுற்றி நடக்க வழி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். மூன்று இருபதுக்குள் திரும்பிவிடலாம் என்று போனான். ஆனால் நம் முனையில் அன்று கடல் வற்றியது ஒன்று நாற்பதுக்கு. அவன் திரும்பியபோது வழி மூடிவிட்டது. அந்தக் குடாவில் மேலே ஏறப் பாறையில் ஒரு பிடி கிடையாது.

அடக்கத்தன்று அப்பா புத்தகத்தில் அந்த நாளின் பக்கத்தைப் பிரித்து உன் முன்னால் போட்டாரே, அது உனக்கு மறந்திருக்காது. அச்சில் இரண்டு இருபது. அதை ஒட்டி என் பென்சில் எழுத்தில் ஒன்று நாற்பது. "அம்மா எழுதினதை விட்டுட்டு அச்சைப் படிச்சிருக்கியே, உன் கண்ணு எங்கடி இருந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மறுநாள் விமானம் ஏறிவிட்டாய்.

ஜோலீன், நீ படித்தபோது அந்தப் பக்கத்தில் பென்சில் எழுத்து இல்லை.

அந்தப் புத்தகத்தின் நேரமெல்லாம் துறைமுகத்துக்குக் கணக்கிட்டு அச்சடித்தது. நம் முனைக்கு நாற்பது நிமிடம் கழிக்க வேண்டும். இந்தக் கரையில் மற்ற வீடுகளில் அவரவர் மனதிலேயே கழித்துக்கொள்வார்கள். நீங்கள் தப்பாகக் கழித்துவிடுவீர்களோ என்று பயந்து, நான்தான் மாதாமாதம் உட்கார்ந்து ஒவ்வொரு நாளுக்கும் சரியான நேரத்தை எழுதி வைத்தேன். அதனால் நம் வீட்டில் யாரிடம் கேட்டாலும் கிடைப்பது கழித்த நேரம் என்று லைல் நம்பினான். கழிக்கவே பழகவில்லை அவன். பழக விடவில்லை நான். நவம்பரில் இருபதாம் தேதி வரை எழுதினேன். நீ வரப்போகிறாய் என்ற சந்தோஷத்தில், மிச்சத்தை நாளைக்கு எழுதலாம் என்று கொக்கியில் மாட்டினேன். "ரெண்டு இருபது" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அவனைத் தேடிக்கொண்டிருந்த இரண்டாம் நாள், எல்லாரும் கரையில் நின்றபோது, நான் வீட்டுக்கு வந்து மாதக் கடைசி வரை எழுதி முடித்தேன். அப்பா பார்த்துவிடுவாரே என்ற பயம். பழி உன்மேல் விழும் என்று அப்போது தோன்றவில்லை. இல்லை, இதுவும் பொய். தோன்றியது. தோன்றியும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவார், கையில் இருப்பதை வீசுவார் என்று நினைத்தேன். "அவ மூஞ்சியப் பாத்துக் கேட்டேனே, வெர்னா. அவ மூஞ்சியப் பாத்து" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அதன்பிறகு மூன்று நாள் என்னோடு பேச்சில்லை, கடல் பக்கமும் போகவில்லை. நேற்றுதான், "ரோட்டுல சரிஞ்ச மண்ணை அள்ளிட்டாங்களாம். நான் அவகிட்ட போறேன். நீ வரவேணாம்" என்றார். நானும் கேட்கவில்லை.

அதனால் இதைத் தபாலில் போடாமல் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் அவர் படித்தாலும் படிக்கட்டும். இரண்டு நாள் முதுகு நோக வண்டி ஓட்டிக்கொண்டு வருவார், சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். முட்டையாவது பொரித்துக் கொடு.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். என்னை என்ன செய்வது என்று பிறகு யோசி. நீ சரியாகத்தான் படித்தாய், மகளே. அதை நினைத்து இனி ஒரு ராத்திரிகூட நீ விழித்துக் கிடக்கக்கூடாது.

இதை உன் கையில் கொடுத்துவிட்டு அவர் வாசலிலேயே நிற்பார். நீயாகக் கூப்பிடாமல் உள்ளே வரமாட்டார். கூப்பிடு, ஜோலீன்.

இப்படிக்கு,
வெர்னா