வலிக்குப் பேசிய பேரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் துணிக்கடையின் வாடிக்கைத் தையற்காரருக்குப் பருத்தி என்று சொல்லிக் கலப்புத் துணியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் மதியமே திரும்பி வந்து சுருளை மேசையில் வைத்தார். “என்னக்கா, எனக்கேவா?”

ஏமாற்றவில்லை. விரலுக்குத் தெரியவில்லை. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துக் கிடக்கின்றன. கழுத்திலிருந்து ஒரு வலி கை வழியாக இறங்குகிறது. துணியைத் தொட்டுச் சொல்லித்தான் இந்தக் கடையே வந்தது. அந்தத் தொடுகை போனால் நான் யார்?

மார்ச் 6, வியாழன்

இந்த நாட்டு மொழியில் எனக்கு விலை பேச வரும், உடம்பைப் பேச வராது. அதனால் வெளிநாட்டவர்களுக்கான மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் தொலைபேசியை மேசையில் வைத்தார். அதிலிருந்து மொழிபெயர்க்கும் பெண் ஒருத்தி தமிழில் பேசினாள். “வலி பத்துக்கு எவ்வளவுன்னு கேக்கறாங்கக்கா.”

“ரெண்டு.”

அவசரத்தைக் காட்டினால் விலை ஏறும். சரக்கு எடுக்கப் போகுமிடத்தில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வேன். அதே முகத்தோடுதான் இங்கும் உட்கார்ந்தேன். மாத்திரை, கழுத்துப் பயிற்சி, ஆறு வாரம் கழித்து வா. அவ்வளவுதான்.

“பாத்தீங்களா, கத்தி கித்தின்னு பேச்சே வராம முடிச்சிட்டேன்” என்றேன் வெளியே வந்து.

“யார ஜெயிச்ச, டாக்டரையா?” என்றார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 9, ஞாயிறு

கண்ணாடிக் குவளை மறுபடி நழுவியது. வீட்டுக்காரர் சில்லுகளைக் கூட்டி அள்ளினார். அடுத்த தேநீர் எவர்சில்வர் டம்ளரில் வந்தது.

மார்ச் 12, புதன்

அடுப்பிலிருந்த பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்திருக்கிறேன். சுடவேயில்லை. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. பயந்துபோனேன் — எழுதிவைக்கிறேன், வேறு யாரிடம் சொல்ல?

ஆறு வாரமாவது மண்ணாவது. நாளைக்கே போகிறேன்.

மார்ச் 13, வியாழன்

வரவேற்பில் இருந்தவள் கணினியைப் பார்த்து, வலி இரண்டு, அவசரமில்லை, போய் வாருங்கள் என்றாள். நானே குறைத்த விலை என் தலையிலேயே விழுந்தது. யாராவது வராமல் போனால் அந்த இடம் எனக்கு என்று சொல்லி, அவள் கண்ணில் படும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். சாப்பாட்டு வேளைக்கும் எழவில்லை. என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துக் கடைசியில் உள்ளே விட்டாள்.

தொலைபேசியில் அதே குரல். “நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் நான் சொல்வேன். போன தடவையும் அப்படித்தான். இந்தத் தடவை சரியா சொல்லுங்கக்கா.”

வாயை நம்பவில்லை. பையிலிருந்து மாதிரித் துண்டுகளை எடுத்து மருத்துவர் முன் பரப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கையில் வைக்கச் சொன்னேன். இடது கை பட்டு, பருத்தி, கம்பளி, சணல் எல்லாவற்றையும் சொன்னது. வலது கை ஊமை. கண்ணைத் திறந்தபோது அவர் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலி?”

“எட்டு. ராத்திரில ஒம்பது.”

உடனே படம் எடுத்தார்கள். கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது. அறுவை செய்ய வேண்டும்.

“விரல் திரும்பும்னு உறுதி உண்டான்னு கேளும்மா.”

“இல்லையாம்க்கா. தள்ளிப்போட்டா இன்னும் மோசமாகும், அதுக்குத்தான் உறுதியாம்.”

துணியின் பழுதை முதலிலேயே காட்டிவிடும் வியாபாரியிடம் நான் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. சரி என்றேன்.

மார்ச் 17, திங்கள்

நாளை அறுவை; கடையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். தையற்காரர் பழக்கூடையோடு வந்தார். “சீக்கிரம் வாங்கக்கா. அண்ணன்கிட்ட துணி வாங்கினா என் பொழப்பு போயிடும்.”

மார்ச் 20, வியாழன்

அறுவை முடிந்து இரண்டு நாள். வலது கையில் ஊசி ஏறியிருக்கிறது. இடது கையால் கிறுக்குகிறேன்.

வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து துண்டுகளை எடுத்தார். “கண்ண மூடு.”

முதல் துண்டு தெரியவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் கட்டைவிரல் ஓரம் ஏதோ உரசியது.

“சணல்.”

அவர் அந்தச் சணல் துண்டை என் உள்ளங்கையிலேயே வைத்து மூடினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு பேசி முடித்தோம். மருத்துவர் சொல்லும்வரை நான் சுருள் தூக்கக் கூடாது. கடைச்சாவி அவரிடம். புது ஆளுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்றேன். மருத்துவரிடம் வலியைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்றார். இரண்டுக்கும் சம்மதம்.