கிளிப் தடம்

செவ்வாய், நவம்பர் 12, 1996. திருப்பதி, விடுதி.

படுத்தும் தூக்கம் வரவில்லை. முனிரத்தினம் சிரித்த சிரிப்பே கண்ணில் நிற்கிறது.

நானும் அவனும் ஒரே லேபில் ஆராய்ச்சி செய்கிறோம். சூடான தகட்டில் கண்ணாடித் துண்டை வைத்து டின் குளோரைடு கரைசலைத் தெளித்தால், மெல்லிய ஆக்சைடு படலம் படியும். அதில் மின்சாரம் ஓடும். ஆறு மாதமாக அவன் தெளித்ததெல்லாம் பால் மாதிரி வெளுத்துத்தான் போனது. நேற்று மட்டும் ஒன்று பளிச்சென்று வந்துவிட்டதாம். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவருக்கு நாளை விண்ணப்பத்தோடு அதை அனுப்பப் போகிறானாம்.

மாலையில் அதை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் படலம் படியாது. ஓரத்தில் அதன் தடம் விழும். என் கிளிப்பின் வாய் கோணலாக இருந்தது. தடமும் கோணலாகத்தான் விழும். அவன் கண்ணாடியிலும் அதே கோணல்.

"இன்னாடா, என் கிளிப்பு தடம் மாதிரி கீது?" என்றேன்.

"உன் கிளிப்பத்தான்டா எடுத்துக்கினேன். நேத்து நீ நகரிக்குப் போயிருந்தப்ப தெளிச்சேன். கோச்சிக்காத" என்று சிரித்தான்.

"பரவால்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

நேற்று அந்தக் கிளிப் என் சட்டைப்பையில் நகரிக்கு வந்திருந்தது. பட்டறையில் கொடுத்து நிமிர்த்தி வாங்கி வந்தேன். இதோ, மேஜைமேல் நேராகக் கிடக்கிறது. இதைக் காட்டி, முன்பு கோணலாக இருந்தது, அந்தக் கண்ணாடி நான் தெளித்தது என்றால் எவன் நம்புவான்?