அம்மா பெயரில் ஒரு வரிச்சலுகை

பெங்களூரு
11 ஜூன் 2023

அன்புள்ள அம்மா,

நாலைந்து நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுப்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டு உன் மாப்பிள்ளை டேனியல் நடுவில் பேசுகிறார் என்று உனக்குக் கோபமாம். பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் சொன்னார். அதனால் எழுதுகிறேன். பேனா பிடித்துப் பல காலம் ஆகிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

இங்கே நானும் டேனியலும் நலம். அறுவை செய்த இடம் இன்னும் இழுக்கிறதா? சாப்பாடு இறங்குகிறதா?

போனில் பாதியில் நின்ற விஷயம் இதுதான். போன நிதியாண்டில் உன் புற்றுநோய் சிகிச்சைக்கு, உன் கையிலிருந்தே ஒரு லட்சத்துக்கு மேல் செலவானது. மூத்த குடிமக்கள் என்றால் இந்த நோய்க்கு ஒரு லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். உன் கணக்கில் கழித்தால் மிச்சமாகும் வரி குறைவு. நான் முப்பது சதவீதம் கட்டுகிறவள். என் கணக்கில் கழித்தால் மிச்சம் அதிகம். அதனால் உனக்குக் கூடும் வரியை நானே அனுப்பிவிடுகிறேன். பிப்ரவரியிலேயே, உன் செலவை நான் செய்ததாகக் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது ரசீதுகளும், "நான் என் மகளைச் சார்ந்து வாழ்கிறேன், செலவை அவளே செய்தாள்" என்று உன் கையெழுத்தும் வேண்டும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். வெறும் சம்பிரதாயம்தான்.

அன்பு மகள்,
சுகாசினி


ஓரிக்கை, காஞ்சிபுரம்
17 ஜூன் 2023

அன்புள்ள சுகா,

உன் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. எழுதியிருப்பதுதான் சரியில்லை.

இழுக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கையைத் தூக்கிக் கொடியில் துணி போடுகிறேன். சாப்பாடு இறங்குகிறது.

உன் தாளைப் பட்டம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். தறிக்குத் தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் ராட்டையை நிறுத்திவிட்டாள். "இன்னாக்கா இது! மாசம் பொறந்தா பென்சன் வாங்கிக்கினு, என் வூட்டு கரண்ட் பில்லு வரைக்கும் போன்ல நீதான் கட்டிக்கினு இருக்கிற. உன்ன உன் பொண்ணு வளக்குதாமே? தொட்டில் எப்ப வாங்கப் போறீங்க?" என்றாள்.

நர்சிங் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள் நான். தொண்ணூறுகளில் நம் தெருவில் சம்பளத்தில் வருமான வரி பிடித்தது எனக்கு மட்டும்தான். உன் தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர். "உங்க ஆளுங்கல்லாம் சர்க்கார் சலுகையில வாழறவங்க" என்று வார்டில் ஒரு பெரிய மனிதர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கு ஊசியைப் போட்டு முடித்துவிட்டு, பையிலிருந்த சம்பளச் சீட்டை எடுத்து வரி பிடித்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். "சார், உங்களுது எவ்ளோ?" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த விரலால் "சார்ந்து வாழ்கிறேன்" என்று கையெழுத்துப் போட மாட்டேன். உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். சலுகை எனக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு உரியதை நானே எடுத்துக்கொள்வேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி.

அம்மா,
கங்கையம்மாள்


பெங்களூரு
25 ஜூன் 2023

அன்புள்ள அம்மா,

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கோபமா? என் அலுவலகத்தில் பாதிப் பேருடைய அப்பா அம்மா காகிதத்தில் பிள்ளைகளைச் சார்ந்தவர்கள்தான். ஒருவருடைய அப்பாவுக்கு ரைஸ் மில்லே இருக்கிறது. யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை.

வேண்டுமானால் இப்போதே ஒரு லட்சத்தை உனக்கு அனுப்பிவிடலாம், அப்போது பொய்யாக இருக்காதே என்கிறார் டேனியல்.

நானும் ஒன்று கேட்கிறேன். அறுவை முடிந்து மூன்றாம் நாள்தானே எனக்குச் சொன்னாய்? பணம் அனுப்பட்டுமா என்று கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றாய். என்னைக் கொடுக்க விடாமல் செய்துவிட்டு, கொடுத்ததாக எழுதினால் கோபித்துக்கொள்கிறாய். காகிதத்திலாவது அம்மாவைக் கவனித்த மகளாக நான் இருந்துவிட்டுப் போகிறேனே.

தாளை மறுபடியும் வைத்திருக்கிறேன்.

சுகாசினி


ஓரிக்கை
2 ஜூலை 2023

சுகா,

வேண்டாம் என்றது உண்மை. பணத்தைத்தான் வேண்டாம் என்றேன். மருந்து ஏற்றும் தேதிகளை ஒவ்வொரு முறையும் உனக்குச் சொன்னேன். ஆபீசில் இந்த மூன்று மாதக் குவார்ட்டர் முடியட்டும் அம்மா என்றாய். ஒன்று முடிந்தால் இன்னொன்று வரும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

துணைக்கு ஆள் இருந்தால்தான் மருத்துவமனையில் கட்டில் கொடுப்பார்கள். பட்டம்மாள் ராட்டையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். "யாரும்மா நீ இவங்களுக்கு?" என்று ஒரு சின்ன நர்ஸ் கேட்டாள். "தங்கச்சி" என்றாள் இவள். என் கழுத்துச் சிலுவையையும் இவள் நெற்றி விபூதியையும் அந்தப் பெண் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா பாக்குற? மூஞ்சியா ஒத்துப் பாக்கப் போற? ஊசியப் போடும்மா" என்றாள் பட்டம்மாள். நாள் முழுக்க உட்கார்ந்தவளுக்கு அன்றைய கூலி போயிற்று. அதை அவள் எந்தக் கணக்கில் கழிப்பாள்?

நேற்று பெரிய காஞ்சிபுரம் போய், ஆடிட்டர் ஆனந்தகுமாரிடம் என் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டேன். ஓய்வூதியத்துக்கு உள்ள கழிவு, டெபாசிட் வட்டியில் மூத்தவர்களுக்கு உள்ள ஐம்பதாயிரம், சிகிச்சைக்கு ஒரு லட்சம், எல்லாம் என் பெயரில். "இந்த வயசுல தனியா வந்திருக்கீங்களேமா, பசங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார். "இருக்கா. அவளுக்குக் கணக்கு நல்லா வரும்" என்றேன்.

அதே செலவை நீயும் கழித்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருவது உனக்குத்தான். இப்போது அனுப்புகிற லட்சம் போன வருஷச் செலவு ஆகாது என்று மாப்பிள்ளையிடம் சொல். காகிதத்தில் மகளாக இருக்க என் கையெழுத்து எதற்கு? பிறப்புச் சான்றிதழ் போதும்.

கங்கையம்மாள்


பெங்களூரு
16 ஜூலை 2023

அம்மா,

அந்தக் கழிவை என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மீதி வரியை வட்டியோடு கட்டிவிட்டேன்.

"உங்கம்மா நம்மள நம்பலையே" என்றார் டேனியல். "நம்புற மாதிரி நாம என்ன பண்ணோம்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் தனித்தனியாகச் சாப்பிட்டோம். இந்தக் கடிதத்துக்குத் தபால் தலை வாங்கி வந்தது அவர்தான்.

என் கோபம் இன்னும் தீரவில்லை. ஆடிட்டரிடம் சொன்னதை நீ எனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். மீட்டிங் நடக்கும்போதெல்லாம் அதுதான் காதில் கேட்கிறது.

அடுத்த பரிசோதனை எப்போது? பட்டம்மாள் சித்தியைக் கேட்டதாகச் சொல்.

சுகா


ஓரிக்கை
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள சுகா,

எழுதாமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் எழுதியதை எடுக்கப் போவதில்லை.

பென்ஷனில் பிடித்த வரி திரும்பி வந்துவிட்டது. அதில் பட்டம்மாளுக்குப் போன கூலியைக் கொடுக்கப் போனேன். "தங்கச்சின்னு சொன்னதுக்குக் கூலியாக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு இருவருமாக ஆட்டோ வைத்துக்கொண்டு திருப்புட்குழி போய் வந்தோம். அவள் கோயிலுக்குள் போனாள், நான் குளத்தங்கரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றேன். நீ அவளைச் சித்தி என்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். "இப்பனாச்சும் தெரிஞ்சுதே" என்றாள்.

பரிசோதனை செப்டம்பர் நான்காம் தேதி, திங்கட்கிழமை. காலையிலேயே போய் டோக்கன் வாங்க வேண்டும். பட்டம்மாளுக்கு அன்று வேலை இருக்கிறது, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பரிசோதனைக்குத் துணை ஆள் கட்டாயமில்லை. தனியாகப் போய்வர எனக்குத் தெரியும்.

நீ வந்தால் பஸ் செலவும் லீவும் உன்னுடையவை. மருத்துவமனைக் கட்டணம் என்னுடையது, ரசீதும் என் பெயரில்தான். நீ கழித்துக்கொள்ள இதில் ஒரு பைசாவும் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு வருவதானால் வா.

யாரும்மா நீ இவங்களுக்கு என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்று நீயே யோசித்து வை.

அம்மா