முப்பத்தொன்பது ஒத்து வராது

மார்ச் 4
இன்றும் இவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். இவள் ஆபீஸில் பதவி உயர்வுத் தேர்வு வைக்கிறார்கள். வாக்கியக் கணக்கில்தான் இவள் முட்டி நிற்கிறாள். ஆடும் கோழியும் சேர்ந்து தலை இருபது, கால் ஐம்பத்தாறு. "எக்ஸ்னு வெச்சுக்கோ" என்றேன். "பால் பொங்கிடும், பாத்துட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போதே "ஆடு எட்டு, கோழி பன்னெண்டு" என்கிறாள். எப்படி வந்தது என்றால், "எப்படியோ வந்துடுச்சு."

சரியான விடை. அதுதான் இடிக்கிறது. போன் சமையலறையில்தான் இருந்தது.

மார்ச் 5
நேற்றுப் பால் காய்ச்சி இறக்கி வைத்ததே நான்தான். பிறகு எந்தப் பால் பொங்கியது?

மார்ச் 9
பயிற்சி வகுப்பு வாத்தியார் பைக்கில் கொண்டுவந்து விடுகிறார். அதுவும் தெருமுனையில். வாசல் வரை வந்தால் நான் கடித்தா விடுவேன்? பேச்சுவாக்கில் அவருக்கு என்ன வயது என்று கேட்டேன். "முப்பத்தாறு இருக்கும். ஏன்?"

ஏன் என்று எதற்குக் கேட்கிறாள்? என்னைவிட மூன்று வயது இளையவன். தலையில் முடியும் முழுசாக இருக்கிறது.

மார்ச் 13
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுகிறாள். குழாயையும் திறந்துவிட்டிருக்கிறாள். கதவில் காதை வைத்துக் கேட்டேன் – ஆமாம், கேட்டேன், என் வீட்டுக் கதவுதானே.

"பன்னெண்டு வருஷம் கழிச்சும் முப்பத்தொம்பது ஒத்து வரல. பேசாம முப்பத்தாற வெச்சுக்கலாம்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். எனக்கு முப்பத்தொன்பது. வெச்சுக்கலாமாம். என்ன தைரியம் இவளுக்கு? நான் என்ன குறை வெச்சேன்?

மார்ச் 14
கேட்டே விட்டேன். "யாரு அந்த முப்பத்தாறு?"

தட்டு கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "அப்பா" என்றாள்.

"எந்த அப்பா?"

"கணக்குல வர்ற அப்பா. இப்ப பையன் வயசப் போல மூணு மடங்கு, பன்னெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு மடங்கு."

ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்ப்பாளாம். என் எதிரே செய்தால் குருட்டாம்போக்கு என்று சிரிப்பேனாம். அதனால்தான் சமையலறையும் குளியலறையும்.

"நீங்க யாருன்னு நெனச்சீங்க?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தேன்.

அவள் குழாயை மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மார்ச் 15
நானும் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு, பன்னிரண்டு. அப்புறம் நாற்பத்தெட்டு, இருபத்து நான்கு. சரியாகத்தான் வருகிறது. ஆனால் தெருமுனையில் ஏன் இறங்குகிறாள்?

மார்ச் 17
நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "நீங்க பால்கனில நின்னு பாக்கறீங்க. எனக்கு அவமானமா இருக்கு."

மார்ச் 22
இப்போதெல்லாம் கூடத்திலேயே உட்கார்ந்து படிக்கிறாள். கதவெல்லாம் திறந்தே கிடக்கிறது. போனை என் பக்கத்தில் வைத்துவிடுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வருவதில்லை. "என்ன கணக்கு?" என்றேன்.

"முடிஞ்சிருச்சு."

ஏப்ரல் 30
பாஸாம். மாமியார் போன் செய்தார். "காலைலேர்ந்து எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு மாப்பிள்ளை. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லியிருப்பா."

"ஆமா அத்தை, மொதல்லயே சொல்லிட்டா" என்றேன்.