பின்சக்கர நட்டு

ஐப்பசி 6, புதன்.

மகன் வண்டியின் பின்சக்கர நட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பானரில் குழாயைச் செருகி மிதித்த பிறகே அசைந்தது. செயின் தொய்வைச் சரிசெய்து திரும்ப முடுக்கும்போது, மறுபடியும் இப்படி மாட்டிக்கொள்ளுமே என்று பயந்து பாதியில் கையை எடுத்துவிட்டேன்.

"இன்னாப்பா, நட்டுக்கு வலிக்கும்னு பாக்கிறியா? நைட் ஷிப்டுக்கு லேட்டாவுது, உடு!" என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டான். இன்னொரு முறை முடுக்கித் தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

கும்மிடிப்பூண்டி சேர்ந்ததும் போன் செய்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இனி கூப்பிட முடியாது.

காலையில் லாரிகளுக்கு நடுவே அதே சக்கரத்தில்தான் திரும்புவான். முதல் ரயிலில் ஸ்பானரோடு போய் அந்த வாசலில் நிற்கப்போகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.