ஆறு கியருக்கு ஐந்து கிளிக்

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீ போன் செய்யும் நேரம் வந்ததும், பழக்கதோஷம், பால்மாவு டப்பாவைத் திறந்துவிட்டேன். கிரீஸ் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே உன் சைக்கிளின் கியர் லீவர். நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. என் கைக்கு இன்னும் அது உறைக்கவில்லை.

நம் ஊர் தவுவாவில் இந்த லீவருக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? என் சைக்கிளில் லீவர் கீழே, சட்டத்தில். கிளிக் கிடையாது. குனிந்து, ஒரு கையால் மெல்லத் தள்ளி, சங்கிலியின் கரகரப்பு அடங்கும் இடத்தைக் காதால்தான் பிடிக்க வேண்டும். உன்னுடையது புது மாதிரி. ஹேண்டில்பாரில் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே. தள்ளினால் ஒரு கிளிக், அடுத்த கியர். "சட்டைப் பொத்தான் விழுந்துருச்சாடா? இப்பிடிக் குனிஞ்சு தேடறே!" என்று கேலி செய்வாய். மழை நாளில் மேட்டுப் பாதையில் கேபிளில் சேறு ஏறி, உன் லீவர் மூன்றில் இருக்க, சங்கிலி இரண்டிலேயே நின்று திணறும். நான் சிரித்துக்கொண்டே முந்திப் போவேன்.

ஃபிஜியில் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த பிறகு நீ குடும்பத்தோடு ஆக்லாந்துக்குக் கிளம்பினாய். சைக்கிளை என் கொட்டகையில் சாத்தினாய். "இது இங்க இருக்கற வரைக்கும் நா போனவன் இல்லடா. வந்து ஏறுவேன்" என்றாய். ஞாயிறுதோறும் போனில் முதல் பேச்சே, "ஜல்தி கியர் போட்டுக் காட்டுடா." நான் சைக்கிளைப் போனருகே உருட்டி வந்து ஐந்து கிளிக்கையும் கேட்க வைப்பேன்.

அடுத்த கவிழ்ப்புச் சமயத்தில் என் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்தது. நிலத்துக்காரர்கள் புதுப்பித்துத் தரவில்லை. நவுசோரிக்குக் குடிபெயர்ந்தபோது சாமான் ஏற்றிய லாரியில் ஒரு சைக்கிளுக்குத்தான் இடமிருந்தது. நான் என்னுடையதை ஏற்றினேன். எழுதவே கூசுகிறது. அடுத்த வாரம் வந்து உன்னுடையதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஞாயிறு வந்துவிடுமே என்று, கேபிளை வெட்டி லீவரை மட்டும் கழற்றிக்கொண்டேன். திரும்பப் போனபோது கொட்டகையே இல்லை.

அந்த ஞாயிறு லீவரைக் கையில் பிடித்துப் போனருகே தள்ளினேன். இன்னொரு தடவை போடச் சொன்னாய். பிறகு, "நல்லாத்தான் கேக்குது" என்றாய். அன்றிலிருந்து வாராவாரம் இதே பொய். ஊருக்கு வருகிறேன், டிக்கெட் எடுக்கிறேன் என்ற பேச்சை மட்டும் நீ விட்டுவிட்டாய். பிள்ளைகள் விடவில்லை போலும் என்று இருந்துவிட்டேன்.

நேற்று உன் மகள் பேசினாள். அவளுக்குத் தமிழ் வராது. நம்மூர் இந்தியில் சொன்னாள். லீவரை மட்டும் தள்ளிய அந்த முதல் ஞாயிறு, போனை வைத்ததும் நீ அவளுடைய அம்மாவிடம் சொன்னாயாம்: "கேபிள் இழுக்காத லீவர். லொடலொடன்னு சத்தம். சைக்கிள் போயிடுச்சு. அவன்ட்ட கேக்காத, ஒடஞ்சிருவான்." பயணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த பெட்டியையும் யாருக்கோ கொடுத்துவிட்டாயாம்.

ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாமே. அதற்குப் பிறகும் வாராவாரம் கியர் போடச் சொன்னாயே, எதற்கடா? நீ திரும்பி வர இருந்த ஊரையே லாரியில் ஏற்றாமல் விட்டுவிட்டு வந்தவன் நான். மன்னிப்புக் கேட்கக்கூட ஆளில்லை.

என் சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. ஏற மனமில்லை. உன் லீவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். கட்டைவிரல் தானாக அதன்மேல் போய் உட்காருகிறது. தள்ளுவதில்லை.