மூன்று கோடா, மஞ்சள் வாலா

மார்ச் 3, செவ்வாய்

என் மனைவிக்கு விசா வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

விரல்தான் காரணம். ரேகை எடுக்கிற கண்ணாடிமேல் மூன்று முறை வைத்து அழுத்தினேன். ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் கையைத் திருப்பிப் பார்த்து, "விரல் இருக்கு, ரேகை இல்லையே. என்ன வேலை பாத்தீங்க?" என்றாள். விமானத்தில் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவுகிற வேலை, முப்பத்தோரு வருஷம் என்றேன். கொதிதண்ணீரும் பாத்திரம் கழுவுகிற காரத்தூளும் தட்டோடு சேர்த்து என்னையும் தேய்த்திருக்கின்றன. வேறு வழியில் விண்ணப்பிக்கலாம், மூன்று நான்கு மாதம் ஆகும் என்றாள்.

அவ்வளவு நாள் ஏது? வெளிநாட்டில் மகள் வேலைபார்க்கிற மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் பழக்கும் பிரிவில், ஏப்ரல் ஆறாம் தேதிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இதை விட்டால் அடுத்தது எப்போதோ. இவளுக்கு வலது கை விழுந்து பதின்மூன்று மாதம். நாளைத் தள்ளினால் கை அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே தனியாகப் போகிறாள். பதினோரு மணி நேரம்.

இந்தப் போனைப் பற்றியும் சொல்லவேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசினால் இது எழுதிக்கொள்ளும், கேட்டால் படித்துக் காட்டும், தேதியும் அதுவே போட்டுக்கொள்ளும். தன் அம்மாவின் மருந்து விவரம் சொல்லிவைக்க மகள் ஏற்றிக் கொடுத்தது. வீட்டில் பேசுகிறமாதிரிப் பேசினால் கன்னாபின்னாவென்று எழுதுகிறது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்போலப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறது. அதனால் செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறேன். இவள் அடுக்களையிலிருந்து, "தலைப்புச் செய்தி முடிஞ்சுதா?" என்கிறாள்.

மார்ச் 5

டாக்டரிடம் போய்வந்தோம். போகலாம், ஆனால் மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும், இரண்டு மணிக்கு ஒருமுறை யாராவது கைபிடித்து நடக்கவைக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் காலில் ரத்தம் கட்டும். ஏற்கெனவே ஒருமுறை கட்டி மூளைக்குப் போன உடம்பு. விளையாட்டில்லை என்று இரண்டு முறை சொன்னார்.

ஆக, எந்த விமானத்தில் ஆளைக் கவனிப்பார்கள் என்பதுதான் கேள்வி.

சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள், கையில் பட்டியல். கவனிப்பு எப்படியென்று போய்வந்தவர்கள் நட்சத்திரம் போட்டிருக்கிறார்களாம். சாம்பல் விமானத்துக்கு நாலரை. மூன்று கோட்டுக்கு நாலு. மஞ்சள் வாலுக்கு மூன்றுகூட முழுசாக இல்லை. எழுத்துத் தெரியாததால், விமானக் கம்பெனிகள் வாலில் போடுகிற நிறத்தையும் கோட்டையும் வைத்துத்தான் நான் தட்டுவண்டிகளைப் பிரிப்பேன். மகளுக்கும் சின்ன வயதிலிருந்து இந்தப் பெயர்கள்தான் பழக்கம்.

"அரை நட்சத்திரம் எப்படிடி போடுவாங்க, ஒடச்சா?" என்றாள் இவள்.

நட்சத்திரம் கிடக்கட்டும், நான் தட்டைப் பார்த்தவன் என்றேன். சாம்பலில் பீங்கான் தட்டு, மூன்று முள்கரண்டி, எல்லாம் பவிசுதான். ஆனால் பெருமழை பெய்த வருஷம் ஒரே வண்டியில் நாற்பதுக்கு ஒன்பது தட்டு பிரிக்காமலே வந்தது. தூங்குகிறவரை எழுப்பிச் சாப்பிடுகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சள் வாலோ குப்பைமேடு. கப்புக்குள் கப்பு, மிச்சச் சோற்றின்மேல் காபி. ஒருமுறை கப்புக்குள் யாரோ பல்செட்டை விட்டிருந்தார்கள். மேஸ்திரி அதைக் கையில் தூக்கிக்கொண்டு, "யாரு வாய்டா இது?" என்று கூடம் முழுக்கச் சுற்றினார்.

இன்னொன்று: பால் பொட்டலம். பக்கத்தில் ஆள் வந்து பிரித்துக் கொடுத்தால் விளிம்பு நேராகக் கிழிந்திருக்கும். யாரும் வராவிட்டால் பல்லால் கடித்த தடம் இருக்கும். மஞ்சள் வாலில் பல்தடம் ஏராளம். மூன்று கோட்டில் பார்த்ததேயில்லை என்று சொல்லலாம். தட்டுகளும் புத்தகம் அடுக்கினதுபோல வரும். ஆள் பார்க்காத இடத்திலேயே இத்தனை ஒழுங்கு என்றால் ஆளை எப்படிப் பார்ப்பார்கள்?

மகள் யோசித்தாள். "சரிப்பா. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

மார்ச் 6

மூன்று கோட்டில் டிக்கெட் போட்டாயிற்று. ஏப்ரல் 2, காலை ஒன்பது மணி. என் பேச்சும் ஒரு இடத்தில் எடுபட்டது.

மார்ச் 11, புதன்

இன்று ஒத்திகை. வேலையை விட்டபோது கொடுத்த பழைய தட்டு ஒன்று பரணில் இருந்தது. அதில் ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, கடையில் வாங்கிய சாஸ் பொட்டலம் எல்லாம் வைத்து நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோனேன். "என்ன சாப்பிடறீங்க மேடம்?" என்றேன்.

"மேடம்னு கூப்பிட உங்களுக்கு நாப்பத்திரெண்டு வருஷம் ஆச்சா?" என்றாள்.

இடது கையால் பொட்டலத்தைப் பிடித்துப் பல்லால் கடித்தாள். நான் கை நீட்டினேன்.

"விடுங்க. பல்லு இருக்குல்ல எனக்கு."

"கேட்டா விமானத்துப் பொண்ணு பிரிச்சுக் குடுப்பாளே."

"குடுப்பா. எல்லாத்துக்கும் ஒருத்தியைக் கூப்பிட்டுட்டே இருப்பாங்களா? வேண்டாம்மா, நானே பாத்துக்கறேன்னுதான் சொல்லுவேன்."

சாஸ் மூக்கில் தெறித்தது. சிரித்துக்கொண்டே துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். நான் பார்த்த அதே பல்தடம். யாரும் வராததால் கடித்தது என்று முப்பத்தோரு வருஷம் நினைத்திருந்தேன். வந்து நின்றவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டும் கடிக்கலாம்.

மார்ச் 12

ஒண்ணுமே ஓடல. நேராக் கிழிஞ்ச பொட்டலம்னா ரெண்டு கையும் நல்லாருக்கிறவன் கிழிச்சதாகூட இருக்கலாம்ல. இது ஏன்டா தோணல உனக்கு? தட்டைத்தானே பாத்தே, தின்னவங்களை எப்பப் பாத்தே? ஒரு மொகத்தையாவது பாத்திருக்கியா? மகளும் நம்பிட்டா.

இதையெல்லாம் போன் எப்படி எழுதியதோ. எழுதட்டும்.

மார்ச் 14, சனி

சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் போனேன். முப்பத்தோரு வருஷமும் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனவன் நான். வந்திறங்குகிறவர்கள் வெளியே வரும் முன்வாசலில் இன்றுதான் நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் கேட்டேன்: கவனிப்பு எப்படி? கோட்டும் சூட்டும் போட்டவர் ஒருவர் "ஃபைன்" என்று நிற்காமல் போனார். ஒருவனுக்கு விமானத்தில் காட்டிய சினிமா பிடித்திருந்தது. ஒரு அம்மா தலையணை சின்னது என்று பத்து நிமிஷம் நியாயம் பேசினார். மகளுடைய நட்சத்திரம் எல்லாம் இவர்கள் போட்டதுதான் என்று புரிந்தது. எனக்கு வேண்டியதை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

டீக்கடையில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை, ஐம்பது வயதிருக்கும், தலையில் தொப்பி. "யாரைத் தேடறீங்கண்ணே? காலைலேர்ந்து எல்லாரையும் மறிக்கறீங்க. போலீஸ்காரன் உங்களையே பாத்துட்டிருக்கான்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

"வாயால கேட்டா எல்லாரும் நல்லாருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க. நான் ஒண்ணு சொல்றேன். விமானத்திலேர்ந்து எறங்கி நாற்காலில உக்காந்ததும் மொதல்ல எங்க தள்ளச் சொல்றாங்கன்னு பாருங்க. சிலர் புள்ள எங்கம்பாங்க, பெட்டி எங்கம்பாங்க. சிலர் ஒண்ணும் பேசமாட்டாங்க, மெதுவா பாத்ரூம் எங்கம்பாங்க. அவங்க அத்தனை மணி நேரமும் அடக்கிட்டு வந்தவங்க. பாதிப் பேர் தண்ணியே குடிச்சிருக்க மாட்டாங்க."

"மூணு கோட்டுல எப்படி?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு வாங்க. நீங்களே எண்ணிக்கோங்க."

மார்ச் 15

போனேன். உள்ளே எனக்கு அனுமதி இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு. நேராகப் பாத்ரூமுக்குப் போன ஆளைத் தள்ளிவந்தால் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். இல்லாவிட்டால் தொப்பி தலையில் இருக்கும். கூட வேலை செய்கிற மூன்று பேரிடமும் சொல்லிவைத்திருந்தார். அவர்களுக்கும் பொழுது போயிற்று.

சாம்பல்: நாலு நாற்காலி, மூன்று தொப்பி கக்கத்தில்.

மூன்று கோடு: ஏழு நாற்காலி. ஐந்து.

மஞ்சள் வால்: ஒன்பது நாற்காலி. இரண்டு.

எழுதிவைக்கத் தேவையில்லை, ஒவ்வொரு முகமும் நினைவிருக்கிறது. மூன்று கோட்டில் வந்த ஒரு பெரியவருக்கு உதடு வெடித்திருந்தது.

"ஒரு நாள் கணக்கை வச்சு முடிவு பண்ணலாமா?" என்றேன்.

"நான் ஒம்பது வருஷமாத் தள்றேண்ணே, தெனமும் இதே கதைதான், தள்ளும்போது பேச்சுவாக்கில வந்துரும். மூணு கோட்டுல பொண்ணுங்க ரொம்ப ஒழுங்கு. நடைபாதையில ஆள் நின்னா, போய் உக்காருங்கம்மா, பெல்ட்டு போடுங்கம்மாம்பாங்க. மஞ்சள் வால்காரிங்க சத்தம் போடுவாங்க, வாடி போடின்னு அவங்களுக்குள்ள சண்டைகூட நடக்கும். ஆனா வயசானவங்க எழுந்தா ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடிச்சுக்குவா. வேலையைப் போட்டது போட்டபடி வந்துருவா."

போட்டது போட்டபடி. கப்புக்குள் கப்பு, சோற்றின்மேல் காபி. அந்தக் குப்பையைத் திட்டிக்கொண்டே கழுவினவன் நான்.

மார்ச் 16, திங்கள்

இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தைக்குப் போகாததையும் சொன்னேன்.

"தெரியும். ரெண்டு நாளும் காய் வாங்காம வந்தீங்க."

தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களைப் பற்றிச் சொன்னபோது, முகத்தைப் பார்க்காமல், "நானும் அப்படித்தான் இருந்தேன்" என்றாள்.

"எப்படி?"

"மொத நாள் சாயங்காலத்திலேர்ந்தே தண்ணியை நிறுத்திடலாம்னு. முன்னப்பின்ன தெரியாத பொண்ணு, என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு… அதுக்குப் பதினோரு மணி நேரம் தண்ணியில்லாம இருந்துட்டுப் போறேன்."

"டாக்டர் சொன்னதைக் கேட்டேல்ல?"

"கேட்டேன். வெக்கம் டாக்டருக்கா, எனக்கா?"

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. பொட்டலத்தை நேராகக் கிழிக்கிற விமானத்தில் உட்கார்ந்து, தொண்டை காய்ந்து, எனக்கு ஒன்றும் வேண்டாம்மா என்று சொல்லிக்கொண்டே போயிருப்பாள். அவர்களும் சரி என்று போயிருப்பார்கள்.

மகளைக் கூப்பிட்டு, அப்பா சொன்னது தப்பு, மஞ்சள் வாலுக்கு மாற்று என்றேன். "மூணு நட்சத்திரம்கூட இல்லப்பா அதுக்கு" என்றாள். தொப்பிக் கணக்கைச் சொன்னேன். மகளும் மருத்துவமனையில் கட்டிலோரம் நிற்கிறவள்தானே. "இதை யாரும் எழுதலியேப்பா" என்றாள். "மாத்திடறேன். அன்னைக்கே இருக்கு, பதினோரு மணிக்கு."

மார்ச் 24

இப்போது ஒத்திகை வேறு. மணிக்கு ஒரு தம்ளர். பிறகு நான் விமானப் பெண், அவள் என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிடமாட்டேன் என்கிறாள். "இந்த மூஞ்சியைக் கூப்பிட யாருக்கு வாய் வரும்?"

மார்ச் 29

இன்று கூப்பிட்டாள். மெதுவாகத்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

கண்ணாடிக் கதவுவரைதான் என்னை விட்டார்கள். நாற்காலியைத் தள்ள ஒரு பெண் வந்தாள். இவள் திரும்பி, "அடுப்பை அணைச்சீங்களா?" என்றாள். அணைத்தேன் என்றேன். கதவு மூடிக்கொண்டது. அணைத்தேனா என்று வீடு வரும்வரை சந்தேகம்.

அணைத்துத்தான் இருந்தது.

ஏப்ரல் 3

சேர்ந்துவிட்டாள்.

மகள்தான் முதலில் பேசினாள். "அம்மா வந்துட்டாங்கப்பா." நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், இறங்கினதும் எங்கே தள்ளச் சொன்னாள் என்று. "நேரா என்கிட்டதான். கால் வீங்கல, நான் அழுத்திப் பாத்துட்டேன்" என்றாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு மாதம் எழுந்து போனமாதிரி இருந்தது.

பிறகு இவள் போனை வாங்கினாள். முக்கால் மணி நேரம். சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லையாம். நாற்காலி பலகையாம். முன்வரிசைக் குழந்தை வாய் மூடவேயில்லையாம். பெண்கள் ஒரே கூச்சலாம்.

"தண்ணி?"

"அந்தக் குண்டுப்பொண்ணு இருக்காளே, நான் கூப்பிடவே விடல. மணிக்கு ஒருதரம் வந்து, பெரியம்மா குடிங்க, பெரியம்மா எந்திரிங்கன்னு உயிரை எடுத்துட்டா. நாலு தடவை கூட்டிட்டுப் போனா. வெளியில நின்னு தன் மாமியாரைப் பத்திப் பேசிட்டே இருந்தா. எனக்கு வெக்கப்பட எங்க நேரம்?"

"தட்டை எப்படி எடுத்தா?"

"எதைக் கேக்கறீங்க நீங்க? எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு போட்டு அமுக்கிட்டு ஓடினா."

எங்கேயோ ஒருவன் இன்று திட்டிக்கொண்டே கழுவியிருப்பான்.

ஏப்ரல் 12

நாற்காலி தள்ளுகிறவரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

ஏப்ரல் 20

கட்டைவிரல் அசைகிறதாம். வீடியோவில் காட்டினாள். எனக்குத் தெரியவில்லை, தெரிகிறது என்றேன். "பொய்" என்றாள்.

மே 1

தெரிகிறது.

மே 5, செவ்வாய்

வழக்கம்போல நாலு மணிக்குக் கூப்பிட்டேன். பின்னால் ஏழெட்டுப் பேர் பேசுகிற சத்தம், ஏதோ உருட்டுகிற சத்தம்.

"அப்புறம் கூப்பிடுங்க, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

கை விழுந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து வேலை என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. நான் டீ போட்டுக் குடித்தேன். இரண்டு தம்ளர்.